முதலை மெச்சிய எழுத்து

காட்டுக் குளம் ஒன்றில் ஒரு முதலை புதிதாக வந்து குடியேறியது. அதை முதலில் பார்த்தது முள்ளம்பன்றிதான். அது பதறிப்போயிற்று. மாலையில் தொலைவிலிருந்து மான்கூட்டம் நீர் அருந்த வருமே!

காட்டின் அறிவிப்புகளையெல்லாம் எழுதுவது முள்ளம்பன்றியின் பொறுப்பு. தன் முள் ஒன்றை நாவற்பழச் சாற்றில் தோய்த்து, நீரை ஒட்டிய பாறையில் மயிரிழை போன்ற எழுத்துகளால் எழுதியது: ‘பெருமதிப்பிற்குரிய விருந்தினரே! இக்குளத்தில் முதலை வசிப்பதால், நீர் அருந்துவதைத் தவிர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’

அங்கே வந்த கரடி கண்களைச் சுருக்கிப் பார்த்தது.

“அக்கா, நாலு முழம் தள்ளி நின்றால் எறும்பு ஊர்ந்த தடம்போல அல்லவா இருக்கிறது! நானும் எழுதிப் பார்க்கட்டுமா?”

பதிலுக்குக் காத்திராமல், அடுத்த பாறையில் அடுப்புக்கரியால் ஒரே ஒரு சொல்லை எழுதியது: ‘முதலை!’ கோடுகள் அடிமரம்போலப் பருத்திருந்தன. ஒவ்வொரு கோட்டின் முனையிலும், செங்கல்லை வைத்தாற்போல, பாதம்போலத் தட்டையான ஒரு கட்டை இருந்தது.

“இது எழுத்தா, உலக்கையா?” என்று முள்ளம்பன்றி முகம் சுளித்தது.

முதலை நீரிலிருந்து தலையை நீட்டியது.

“சரியாகக் கேட்டீர்கள், அம்மணி! எத்தனையோ குளங்களைப் பார்த்தவன் நான். உங்கள் எழுத்தில் என்ன நளினம்! அவனுடையது வெறும் கூச்சல். முதலில் அதை அழிக்கச் சொல்லுங்கள்!”

முள்ளம்பன்றி உச்சி குளிர்ந்து போயிற்று. “அழித்துவிடு, தம்பி!” என்றது. கரடி முணுமுணுத்துக்கொண்டே ஈரப் பாசியால் தேய்த்து அழித்தது.

மாலையில் மான்கள் வந்தன. “பாறையில் ஏதோ எழுதியிருக்கிறது. படித்துவிட்டு வருகிறேன், பொறுங்கள்!” என்று ஒரு பெண்மான் முன்னே நடந்தது. எழுத்து விளங்கவில்லை. இன்னும் நெருங்கியது. முன்கால்கள் நீருக்குள் இறங்கின.

“பெருமதிப்பிற்குரிய விருந்தினரே...” என்று படிக்கத் தொடங்கியது.

“அவசரமே இல்லை, நிதானமாகப் படி!” என்றது காலடியிலிருந்து ஒரு குரல்.

முதலை தன்னை ஏன் புகழ்ந்தது என்பது, கரடியோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் உறைத்தது. “ஓடு! ஓடு!” என்று அலறியது. மான் துள்ளிப் பாய்ந்தது. முதலையின் வாயில் சிக்கியது ஒரு கவளம் சேறுதான்!

“தம்பி, கரியை எடு! நாளைக்குக் காட்டெருமைகள் வரும்!”

“அப்படியானால் உன் வணக்கம், வேண்டுகோள் எல்லாவற்றையும் நானே எழுதிவிடுகிறேன்!” என்று கரடி குதித்தது.

“உன் எழுத்தில் அவ்வளவையும் எழுத இந்த மலையே போதாது, அப்பனே! நீ அந்த ஒரு சொல்லோடு நிறுத்து. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மறுநாள் காட்டெருமைகள் தொலைவிலேயே ‘முதலை!’ என்பதைக் கண்டு, மேட்டின்மீது சட்டென நின்றன. அங்கிருந்த ஆலமரத்தின் அடியில், மலைச்சுனைக்குப் போகும் வழியை முள்ளம்பன்றி மெல்லிய எழுத்தில் விவரமாக எழுதி வைத்திருந்தது. அவை நிழலில் நின்று அதை ஆற அமரப் படித்துவிட்டுச் சுனையை நோக்கி நடந்தன. மூன்றாம் நாள், முதலை பட்டினியோடு வேறு நீர்நிலையைத் தேடிப் புறப்பட்டது.

எச்சரிக்கைக்கு அழகு தொலைவிலிருந்தே தெரிவதுதான். அதில் நளினத்தைத் தேடினால் பகைவனே முதலில் பாராட்டுவான்.