ராணிக்குப் பிடிச்ச விரிசல்

ஒரு ஊர்ல ஒரு ராணி. எந்த ஊருன்னா, பிரான்ஸ்ல. அவ அரண்மனையில சாப்பிட்டுட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள மறுபடி பசிச்சிடுமாம், அவ்வளவு பெருசு. பாவம், அதுல இருந்து இருந்து சலிச்சுப்போச்சு. அப்போ என்ன பண்ணா, தோட்டத்துக்குள்ளயே ஒரு கிராமம் கட்டச் சொன்னா. கூரை வீடு, குளம், குவாக் குவாக்னு வாத்து, எல்லாம் வந்துடுச்சு. ஆனா செவுரெல்லாம் புத்தம்புதுசு. ஏழை வீட்டுச் செவுரு அப்படியா இருக்கும்? அதனால ஒரு ஓவியரைக் கூப்பிட்டு விரிசல் வரையச் சொன்னா.

ம் கொட்டு, தூங்கிட்டியா?

அப்புறம், அரண்மனை மதிலுக்கு வெளிய ஒரு நிஜ கிராமம். அங்க ரோசாலின்னு ஒருத்தி, ரெண்டு பிள்ளைங்களோட. அவ வீட்டுச் செவுத்துல யாரும் வரையாமலே விரிசல், கையே நுழையும். அதுக்குக் கீழதான் பிள்ளைங்க படுக்கும். வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. மழை பேஞ்சா செவுரு சரிஞ்சிடுமேன்னு, ராணிகிட்டயே கேட்கக் கிளம்பிட்டா.

வாசல்ல காவக்காரன் மறிச்சான். "காலெல்லாம் சேறு. உள்ள கிராமம் இருக்கு, அழுக்காயிடும்."

சளக் சளக்னு கழுவிட்டு வந்தா. அப்போ ராணியோட தோழி மறிச்சா. "பாவாடையில ஒட்டு போட்டிருக்கிற இடம் சரியில்லையே. ஏழைன்னா முழங்கால்கிட்டதான் போடணும்." பட்டுல ஒரு ஒட்டுத்துணி கொடுத்து, அங்கயே தைக்க வெச்சா.

மூணாவதா ராணி. பன்னீர்ல குளிப்பாட்டின மாட்டுக்கிட்ட உக்காந்து பால் கறக்கிறா. சர்ர், சர்ர்.

"நீ இந்தக் கிராமத்துல எந்த வீட்டுல ஏழையா நடிக்க வெச்ச ஆளு?"

"நான் வெளி ஊருங்க ராணியம்மா. வீட்டுச் செவுரு விரிஞ்சு கிடக்குது. மழைக்கு முன்னாடி..."

"விரிசலா? எவ்வளவு நீளம்?"

"கூரையில இருந்து தரை வரைக்கும்."

"பாசி உண்டா?"

"புல்லே முளைச்சிருக்குங்க."

ராணி ஓவியரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அவர் தூரிகையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டார்.

"அந்தச் செவுரு எனக்கு வேணும். பதிலுக்குப் புதுசு கட்டித் தர்றேன்."

ரோசாலிக்கு மனசு கேக்கல. "அது விழுந்துடும் ராணியம்மா."

"விழட்டுமே. இன்னும் அழகா இருக்கும்."

ரோசாலி சரின்னு தலையாட்டிட்டா.

அப்புறம் கடகடன்னு வண்டி வந்துச்சு. கல்லு கல்லாப் பிரிச்சு, பஞ்சு சுத்தி, குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போனாங்க. நாப்பது கொத்தனாருங்க டொக் டொக்குன்னு புதுச் செவுரு எழுப்பினாங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடிச்சுது, சோன்னு. ரோசாலி செவுத்துல கைய வெச்சபடியே நின்னா. ஒரு சொட்டு ஈரம் இல்ல. பிள்ளைங்க கால்மேல கால் போட்டுக்கிட்டுத் தூங்குதுங்க.

அப்போ தட் தட்னு கதவு. எதிர்வீட்டுக்காரி, தலையில சாக்கோட நனைஞ்சு நிக்கிறா.

"ரோசாலி, ராணியம்மாவுக்குக் கூரை ஏதும் தேவைப்படுமா? எங்க வீட்டுல நல்ல ஓட்டையா மூணு இருக்கு."

"நாளைக்குக் கேக்கலாம்க்கா. மெதுவாப் பேசு, பிள்ளைங்க தூங்குதுங்க."

அந்தப் பிள்ளைங்களே தூங்கியாச்சு. கதை அவ்வளவுதான், நீயும் கண்ணை மூடு.