நீட்டிய கால்

மடத்தில் அடிகளிடம் கேள்வி கேட்பவர்கள் தரையில் உட்கார்ந்துதான் கேட்பார்கள். செங்கோடன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"சாமி, ஊசி போட்டுக்கிட்டு உட்கார்ந்தா அது ஏமாத்துங்களா?"

சிதம்பர அடிகள் பலகைமேல் இருந்தார். எப்போதும் இருக்கும் விதமாகவே இருந்தார்: இடது கால் மடங்கியிருந்தது, வலது கால் நேராக நீண்டிருந்தது.

"எந்த ஊசி?"

"முட்டியில போடுற ஊசிங்க."

செங்கோடன் நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டார். அடிகளைவிட இரண்டு வயது மூத்தவர். மறுநாள் காலையில் அவருக்குத் தீட்சை.

தீட்சை பெறுகிறவர் அடிகளைப் போலவே ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, பதிகம் ஓதி முடியும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அந்த இருப்புக்கு மடத்தில் பெயரே வைத்திருந்தார்கள், அரைமலர் இருக்கை என்று. அசைந்தால் அடுத்த வருஷம்தான்.

மடக்க வேண்டியது இடது கால். செங்கோடனுக்கு அதுதான் கிளட்ச் மிதித்த கால்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

செங்கோடன் பதறினால் அடுத்தவர் குரல்தான் வாயில் வரும். இல்லாத மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு டாக்டராகவே பேசினார்.

"'ஜவ்வு தேஞ்சிருக்கு பெரியவரே. ஆபரேஷன் இப்ப வேண்டாம். முதல்ல தொடைக்குப் பயிற்சி, அப்புறம் தொப்பையைக் குறைக்கணும். வலி தாங்கலைன்னா ஸ்டீராய்டு ஊசி இருக்கு, வீக்கம் வத்தும், ஆனா அடிக்கடி போடக்கூடாது. ஜெல் ஊசி இருக்கு, சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. அதுக்கும் மேல போனா, வலியைச் சொல்ற நரம்பை ஊசி வழியா சூடு வெச்சு அடக்கலாம். எதுவும் தேஞ்சதை வளர்க்காது. வலி குறையும், நீங்க நடப்பீங்க, அவ்வளவுதான். யோசிச்சுட்டு சாயங்காலம் வாங்க. தரையில மட்டும் சம்மணம் போட்டுடாதீங்க!'"

"நல்லாத்தான் சொல்லியிருக்கார்."

"சம்மணம் போடாதேங்கிறாரு. நாளைக்குப் போட்டே ஆகணுமுங்களே!"

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் மறுபடி வேர்த்தது.

"நேத்து சமையற்கட்டுல தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்து பார்த்தேனுங்க. உட்கார்ந்துட்டேன். எந்திரிக்க முடியலை. அரிசி மூட்டையைக் கட்டிப் புடிச்சு எந்திரிச்சேன். மூட்டையும் என்னோட சாஞ்சுருச்சு."

அடிகள் சிரிக்கவில்லை.

"குமரேசன்கிட்டச் சொன்னீங்களா?"

குமரேசன் மடத்தின் மூத்த சீடர். செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தடிப்பாக்கினார்.

"'நீட்டிய கால் உலகம், மடக்கிய கால் ஞானம். ஞானத்தில் வலி வந்தால் அது வினை கரைகிறது என்று பொருள். தாங்குங்கள்.' அப்படின்னாரு."

"தாங்கினீங்களா?"

"தாங்குறேன், கரையலைங்க." குரல் உடைந்து அவருடைய குரலாகவே ஆனது. "ஊசி போட்டா வலி தெரியாம உட்கார்ந்துருவேன். அப்ப அங்க உட்கார்ந்திருக்கிறது நானா, ஊசியா? போடாம உட்கார்ந்தா நடுவுல கத்திருவேன். கத்தினா ஊருக்குப் போன்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருக்குங்க. அங்க யாரு இருக்கா எனக்கு?"

அடிகள் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"கிட்ட வாங்க. அந்த முக்காலியில உட்காருங்க."

"முக்காலியிலயா? சாமிக்கு முன்னாலயா?"

"உட்காருங்க."

செங்கோடன் முக்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

அடிகள் நீட்டியிருந்த வலது காலைக் காட்டினார். "முட்டி மேல கையை வைங்க."

செங்கோடன் தயங்கி, குனிந்து வைத்தார். அடிகள் காலை மெல்ல மடக்கினார். உள்ளங்கைக்குக் கீழே மணலை மிதித்தாற்போல் நெறநெறத்தது. ஒரு சாண் வந்ததும் கால் நின்றுவிட்டது. அடிகளின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, இது மடங்காதுங்களா?"

"மடங்காது."

"அப்ப அரைமலர்?"

"மடங்காம போன அன்னைக்கு நீட்டினேன். மறுநாள் பார்த்தா எல்லாரும் நீட்டியிருந்தாங்க."

"நீட்டிய கால் உலகம்னு…"

"அது குமரேசன் சொன்னது. அழகாத்தான் இருந்துச்சு."

"சாமி இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்களே!"

"கேள்வியா வந்திருந்தா சொல்லியிருப்பேன். விளக்கமா வந்துச்சு."

வெளியே முற்றத்தில் குமரேசனின் குரல் கேட்டது. மறுநாள் தீட்சையைப் பார்க்க வந்தவர்களுக்கு அரைமலர் இருக்கையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் நீட்டுங்கள். உலகத்தை விறைப்பாக நீட்டுங்கள்." யாரோ ஒருவர் 'அம்மா' என்றார்.

செங்கோடன் சிரித்துவிடப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கை இன்னும் அந்த முட்டிமேலேயே இருந்தது. சூடாக இருந்தது. காலையில் தன்னுடைய முட்டியைத் தொட்டபோது இருந்த அதே சூடு.

நாளைய நினைப்பு அவருக்கு எங்கோ போய்விட்டது. ஊசியும் போய்விட்டது.

"வலிக்குதுங்களா சாமி?"

அடிகள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையில் கையை ஊன்றி, எழுந்திருக்கத் தோள் கேட்பதுபோல் மற்றொரு கையை நீட்டினார்.

"உங்க தீட்சை ஆச்சு, செங்கோடரே. சாயங்காலத்துக்கு டாக்டர்கிட்ட ரெண்டு டோக்கன் போடச் சொல்லுங்க."