சாமரிக்குத் தலை அரித்த கதை

பலா மரங்கள் அடர்ந்த ஒரு மலைக்காட்டில் சாமரி என்றொரு சிங்கவால் குரங்கு இருந்தாள். உடம்பெல்லாம் கன்னங்கரேல். முகத்தைச் சுற்றி மட்டும் வெள்ளி நிறத்தில் பெரிய பிடரி மயிர். இருவாச்சிப் பறவைகள்கூடக் கிளையில் இறங்கி, அந்தப் பிடரியை நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

ஆனால் பிடரிக்குள் என்ன நடக்கிறது என்பது சாமரிக்கு மட்டும்தான் தெரியும். அரிப்பு! காலையில் அரிப்பு, மத்தியானம் அரிப்பு. பழத்தைப் பிடிக்க ஒரு கை, தலையைச் சொறிய ஒரு கை. சொறிந்தால் வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிரும்.

அந்தக் குரங்குக் கூட்டத்தில் மத்தியானம் சாப்பிட்டதும் ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பார்கள். பேன் இருக்கிறதோ இல்லையோ, பார்ப்பார்கள். அவர்களுடைய அரட்டை, உறவு, சமாதானம் எல்லாம் அதில்தான். சாமரிக்குப் பேன் பார்ப்பவள் உயிர்த்தோழி இலஞ்சி.

"வாடி சாமரி, தலையைக் காட்டு!"

"இன்றைக்கு வேண்டாம். தலைவலி."

"நேற்றும் தலைவலி என்றாயே!"

"நேற்று வந்ததுதான் இன்னும் போகவில்லை!"

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் இலஞ்சி கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். சாமரி உச்சிக்கிளையில் தனியாகப் போய் உட்கார்ந்து சொறிந்தாள்.

ஒருநாள் கீழே இருந்த மலையணில் கத்தியது. "யார் அது, என் அத்திப்பழத்தில் மாவு தூவுவது?" அண்ணாந்து பார்த்தது. "அட, சாமரியக்காவா! உங்கள் தலையிலிருந்தா கொட்டுகிறது? ஒட்டிக்கொள்கிற நோயா அக்கா?"

அதற்குக் காடு முழுக்கக் கேட்கிற குரல். சாமரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பலாத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அன்றைக்குக் கூட்டம் முழுவதும் ஒரே பெரிய கிளையில் வரிசையாக உட்காரும். ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவருக்குப் பேன் பார்த்தபடியே பலாச்சுளை தின்பார்கள். வரிசைக்கு வராதவர், இந்தக் கூட்டமே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்!

சாமரி ஆற்றங்கரைக்கு ஓடினாள். அங்கே துழாவி என்ற நீர்நாய் வைத்தியம் பார்த்துவந்தாள்.

துழாவி பிடரியை விலக்கி நிதானமாகப் பார்த்தாள். "பேன் இல்லை. இது பொடுகு. கொஞ்சம் பிடிவாதக்காரப் பொடுகு."

"நான் தினமும் குளிக்கிறேனே!"

"நீ அழுக்கு என்று யார் சொன்னது? சில பேர் தோலின் குணம் அப்படி. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே. வாரம் இரண்டு முறை இங்கே வா. நுரைக்காயை உடைத்துத் தேய்த்து, நூறு எண்ணும்வரை ஊறவிட்டு அலசலாம். அடங்கிய பிறகு வாரம் ஒரு முறை போதும். நகத்தால் மட்டும் பிறாண்டாதே."

"எத்தனை நாளில் ஒரேயடியாகப் போகும்?"

துழாவி மீசையைத் தடவினாள். "ஒரேயடியாகப் போகாது. அடங்கும். குளிர் வந்தால், கவலை வந்தால் மறுபடி தலைகாட்டும். மறுபடி அடக்கலாம்."

"இதைச் சொல்லவா ஒரு வைத்தியர்!" சாமரி வாலை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழியில் மணவாளன் என்ற புனுகுப்பூனை எதிரே வந்தான். மேலெல்லாம் கமகமவென்று வாசனை. தலையில் தேக்கிலைத் தொப்பி.

"முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது தாயே, தலையில்தான் தொல்லை! என்னிடம் ஒரு களிம்பு இருக்கிறது. மூன்றே பூச்சு! இந்த ஜென்மத்துக்கும் அரிக்காது!"

"நிஜமாகவா?"

"வேண்டுமானால் அடுத்த ஜென்மத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! பூச்சுக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தால் போதும்."

களிம்பில் இருந்தது தேனும் மரப்பிசினும் கொஞ்சம் புனுகும்தான். முதல் நாள் ஒரு செதில்கூட உதிரவில்லை. எப்படி உதிரும்? எல்லாம் பிசினில் அல்லவா ஒட்டிக்கொண்டு கிடந்தது! சாமரி கிளைக்குக் கிளை துள்ளிக் குதித்தாள். இரண்டாம் நாள் எறும்பு வந்தது. மூன்றாம் நாள் அரிப்பு பத்து மடங்கானது. சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

"மணவாளா! தலை எரிகிறது!"

"எரிகிறதா? சபாஷ்! நோய் மூட்டை கட்டுகிறது! இன்னும் மூன்று பூச்சு போட்டால் கிளம்பிவிடும்!"

அவன் களிம்புச் சட்டியைத் திறந்ததுதான் தாமதம். தேன் வாசனைக்கு ஒரு தேனீக் கூட்டமே ஙொய்யென்று இறங்கியது.

"ஐயோ, ஓடு!" என்று மணவாளன் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். சாமரியும் ஓடினாள். இருவரும் ஆற்றில் தொபுக்கடீரென்று விழுந்தார்கள்.

தேனீக்கள் போன பிறகு மெல்லத் தலையை வெளியே நீட்டினார்கள். மணவாளனின் தொப்பி ஆற்றோடு போய்விட்டிருந்தது. சாமரி அவன் தலையை உற்றுப் பார்த்தாள். திட்டுத்திட்டாக வெள்ளைச் செதில்!

"உனக்குமா?"

மணவாளன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். "ஏழு வருஷமாக" என்றான் ஈனக்குரலில். "எத்தனையோ களிம்பு செய்து பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தலையைப் பார்த்தால் என்னிடம் யார் மருந்து வாங்குவார்கள்? அதனால்தான் தொப்பி."

அவனைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது சாமரிக்கு. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். மணவாளனும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இளித்தான்.

"சிரித்தது போதும்!" என்று கரையிலிருந்து துழாவியின் குரல் வந்தது. "இரண்டு தலையையும் இப்படிக் கொண்டுவாருங்கள்!"

பிசினை எடுக்க ஒரு நாள் ஆயிற்று. புண் ஆற நாலு நாள். அதன் பிறகுதான் நுரைக்காய். முதல் வாரம் முடிந்ததும் சாமரி சோர்ந்துபோனாள்.

"குறையவே இல்லையே!"

"நேற்று எத்தனை தடவை அரித்தது?"

சாமரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆறு... ஏழு தடவை இருக்கும்."

"போன வாரம்?"

"அதையெல்லாம் யார் எண்ணினார்கள்? விட்டால்தானே எண்ணுவதற்கு!"

"அப்புறம் என்ன? குனி!" என்றாள் துழாவி.

திருவிழா நாளும் வந்தது. அரிப்பு நன்றாக அடங்கியிருந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் செதில் பாக்கி. சாமரி மரத்தடியில் நின்று தயங்கினாள். தலைவலி என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு நேராக இலஞ்சியிடம் போனாள்.

"இலஞ்சி, எனக்குத் தலைவலி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. எனக்குப் பொடுகு. பார்த்தால் உனக்கு அருவருப்பாக இருக்கும் என்று மறைத்தேன்."

இலஞ்சியின் கண் கலங்கியது. "பொடுகா? அடிப்பாவி! நான் ஏதோ உன் மனம் நோகப் பேசிவிட்டேன் என்று மூன்று மாதமாக யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனேனே! முதலில் உட்காரடி!"

சாமரி உட்கார்ந்தாள். பக்கத்துக் கிளையிலிருந்து மலையணில் எட்டிப்பார்த்தது. "அக்கா, ஒட்டிக்கொள்ளாதா?"

விருந்துக்கு வந்திருந்த துழாவி கையைத் தூக்கிக் காட்டினாள். "ஒட்டுவதாக இருந்தால் முதலில் இந்தக் கையில் ஒட்டியிருக்க வேண்டாமா? நன்றாகப் பார்!"

மலையணில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அப்படியானால் எனக்கும் முதுகில் ஓர் இடம் எட்டவில்லை. கொஞ்சம் சொறிந்துவிடுகிறீர்களா?"

கிளையே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். இலஞ்சியின் விரல்கள் வெள்ளிப் பிடரிக்குள் மெதுவாக நுழைந்தன. சாமரிக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. மூன்று மாதத்துப் பேச்சும் ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்ந்தது.

மார்கழிக் குளிரில் அரிப்பு மறுபடி வந்தது. சாமரி ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். நேராக ஆற்றுக்குக் கிளம்பினாள். தேய்த்துவிட இலஞ்சியும் கூடவே வந்தாள். கரையில் மணவாளன் உட்கார்ந்து துழாவிக்கு நுரைக்காய் உடைத்துக்கொண்டிருந்தான். புதிதாக வருகிறவர்களிடம், "ஒரே நாளில் போகாது! அதற்கு நான் கேரண்டி!" என்று சத்தியம் செய்வதும் இப்போது அவன்தான். குட்டிக் குரங்குகள் நுரைக்குமிழிகளைத் துரத்திக்கொண்டு ஆற்றில் விழுந்து எழுந்தன. ஒரு குமிழி மணவாளனின் மூக்கில் புகுந்தது. அவன் போட்ட தும்மலில் அத்தனை பேர் மேலும் நுரை தெறித்தது!

முழுதாகத் தீராத தொல்லையையும் வெட்கப்பட்டு மறைக்காமல் பொறுமையாகக் கவனித்துக்கொண்டால், அதை வைத்துக்கொண்டே சந்தோஷமாக வாழலாம்.