ஏரிக்கரையில் அறுபது தூளிகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேலப்பாடிச் சீமையைக் கோதண்டராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்கு நியாயம்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியின் கரை போன மழையில் பாதி கரைந்து போயிருந்தது. ஐப்பசி மழை கொட்டுவதற்குள் கரையை உயர்த்தாவிட்டால் ஏரி உடைத்துக்கொள்ளும், ஊர் மிதக்கும். ராஜா மாடத்தில் ஏறி நின்று மேகம் வருகிறதா என்று பார்ப்பார். ஊர் ஜனங்களும் வேலைக்கு நடுவே அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஆண்கள் ஏரிக்குள் மண் வெட்டினார்கள். பெண்கள் அங்கிருந்து கரை உச்சிவரை வரிசையாக நின்று மண்கூடையைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் கரையோரப் புளியமரங்களில் தூளியில் கிடந்தன. பழஞ்சேலைத் தூளிகள் அறுபது, எது யாருடையது என்று தூரத்திலிருந்து தெரியாது. ஒரு பிள்ளை அழுதால் அறுபது தாய்மாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூடைகள் அப்படியே நின்றுவிடும்.

ஊர்ச்சபை கூடி ஒரு முடிவுக்கு வந்தது. கரையோரம் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை போட்டு நாலு ஆயாக்களை வைத்தால் வேலை தடையில்லாமல் நடக்கும். மந்திரி ஏகாம்பரம் அதற்கு மரமும் ஓடும் ஒதுக்கி, முத்திரை வைக்கச் சொல்லி ராஜாவிடம் ஓலையை நீட்டினார்.

பக்கத்தில் சிங்காரப்பர் நின்றார். அரண்மனை அலங்கார வேலைகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. மந்திரி பதவி மேல் ரொம்ப நாளாகவே அவருக்கு ஒரு கண்.

"மகாராஜா, தூளியில் சுகமாகத் தூங்குகிற பிள்ளைக்குக் கொட்டகை எதற்கு? அந்த மரத்தைக் கொண்டு கரைமேல் தங்கள் பெயரில் ஒரு தோரணவாயில் எழுப்பினால் காலத்துக்கும் நிற்கும்" என்றார்.

"கரை நிற்குமா என்பதே சந்தேகமாக இருக்கிறது" என்றார் மந்திரி.

"வேலை நின்று நின்று நடப்பது பெண்களின் சோம்பல். பிள்ளை அழுகிறது என்று ஒரு சாக்கு. வீட்டில் விட்டுவிட்டு வரட்டுமே."

"வீட்டில் யார் இருக்கிறார்கள், சிங்காரப்பரே? நடக்கத் தெரிந்த எல்லோரும் கரையில்தான் நிற்கிறார்கள்."

ராஜா தாடியைத் தடவினார். "தோரணவாயிலே இருக்கட்டும். மந்திரியாரே, பத்து நாளில் கரை முடியாவிட்டால் உமது தலை கழுத்தில் இருக்காது."

மந்திரி நேரே ராணியிடம் போனார். விஷயத்தைச் சொன்னதும் ராணி தன் சேலை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை தோரணவாயிலுக்கு இடம் பார்க்க ராஜா சபையாரோடு ஏரிக்கரைக்கு வந்தார். புளியமரத்தடியில் ஆசனம் போட்டிருந்தது. சிங்காரப்பர் வரைபடத்தை விரித்தார். மந்திரி குனிந்து ராஜாவின் காதருகே சொன்னார்: "தூளியே போதும் என்று தாங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள் அல்லவா? ராணியம்மா இளவரசருக்கும் இங்கே ஒரு தூளி கட்டச் சொல்லிவிட்டார்கள்."

பன்னிரண்டு வருஷம் தவமிருந்து பெற்ற ஏழு மாதப் பிள்ளை. ராஜா ஆசனத்தின் நுனிக்கு வந்தார். "எந்தத் தூளி?"

"அதை ராணியம்மாதான் சொல்ல வேண்டும்."

சபையார் முன்னால் பதறலாமா? ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தத் தூணில் இரண்டு யாளி" என்று சிங்காரப்பர் தொடங்கினார். ஒரு பிள்ளை அழுதது. ராஜா எழுந்தார், உட்கார்ந்தார். வேறொரு பிள்ளை வீரிட்டது. மறுபடி எழுந்தார். அந்த அழுகை சட்டென்று நின்றபோது பயம் இரண்டு மடங்கானது.

அதற்குமேல் ராஜாவால் முடியவில்லை. மேலங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூளி தூளியாக விலக்கிப் பார்த்தார். ஒரு பிள்ளையின் உதட்டில் கட்டெறும்பு. தட்டிவிட்டார். ஒன்றின் முகத்தில் சுள்ளென்று வெயில். ஒரு தூளியின் முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. தாய் ஓடி வரும்வரை இரு கையாலும் தாங்கிப் பிடித்தார். கடைசி மரத்தில் ராணியின் சேலை தெரிந்தது. விலக்கினார். உள்ளே பிள்ளை இல்லை.

ராஜா காலித் தூளியை உதறி உதறிப் பார்த்தார். மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

வரிசையில் முதலாவதாக நின்ற வெள்ளச்சி என்ற பெண் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். "உக்காருங்க சாமி, மூச்சு விடுங்க. காலித் தூளியப் பாத்தா அப்படித்தான் ஆகும். போன மாசம் எம்புள்ள உருண்டு எறங்கித் தண்ணிப் பக்கம் தவந்து போயிட்டான். பக்கத்துல நின்னவ பாத்ததால பொழைச்சான். அன்னியிலேருந்து எங்கையிலதான் கூடை இருக்கு, கண்ணு எங்கியோ இருக்கு."

மந்திரி கைகட்டி நின்றார். "இளவரசர் அரண்மனையில் இருக்கிறார், மகாராஜா. தூளி மட்டும்தான் கட்டினோம். பிள்ளையை இங்கே விட ராணியம்மாவுக்கு மனசு வரவில்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. எல்லோரும் மந்திரியின் கழுத்தையே பார்த்தார்கள். ராஜா மறுபக்கம் திரும்பிக் கேட்டார்: "சிங்காரப்பரே, தோரணவாயிலுக்கு எத்தனை தூண் என்றீர்?"

"பன்னிரண்டு, மகாராஜா."

"எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அரை நாழிகை உட்காரவே என்னால் முடியவில்லை, இவர்கள் விடிந்ததிலிருந்து மண் சுமக்கிறார்கள். இவர்களையா சோம்பேறிகள் என்றீர்? அந்த மரமெல்லாம் கொட்டகைக்குப் போகட்டும். அது முடியும்வரை இந்தத் தூளிகளுக்கு நீர்தான் காவல், சிங்காரப்பரே."

தம்முடைய சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். மூன்றாம் நாள் கொட்டகை எழுந்தது. அதற்குள் சிங்காரப்பருடைய பட்டு அங்கியைப் பிள்ளைகள் நனைத்த கதையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மழைக்கு முந்தின நாள் கரையும் முடிந்தது. ஊர் பிழைத்தது.

அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு ராஜா கரையிலிருந்து நேரே அந்தப்புரத்துக்குப் போனார். ராணியின் மடியில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது.

"தோரணவாயிலுக்கு இடம் கிடைத்ததா?" என்று ராணி கேட்டாள்.

ராஜா பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டவர், பொழுது சாயும்வரை யார் கேட்டும் கீழே விடவில்லை.