நாலு நிமிஷம் முன்னால்

சிங்காரவேலுவுக்கு வாய்த்த குரு அவனைவிட ஏழு வயது இளையவர். பெயர் பிலோமினா. பெரியாஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது உப்பளத்து ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் மருந்துப்பெட்டியோடு போகிறவர். ஆம்புலன்ஸ் வேன் வந்து சேர்வதற்குள் போகிற உயிரைப் பிடித்து வைப்பது அவர் வேலை. ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னச் சேவை அது. வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு வண்டி, ஒரு போன். அவ்வளவுதான்.

சிங்காரவேலு அதற்கு முன் மீன் ஓட்டியவன். ஆறுகாட்டுத்துறையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்கு இருபது வருடம் பறந்தவன். முதலில் போய் இறக்குகிறவன் சொல்வதுதான் அன்றைய விலை. இரண்டாவதாகப் போகிறவன் அதிலிருந்து இறங்கித்தான் பேச வேண்டும். இதை அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நாறிப்போன மீனை வாய்க்காலில் கொட்டிக் கொட்டிப் படித்தான். வேகம் அவனுக்குப் பந்தா இல்லை, சோறு.

அவனுடைய அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் விழுந்து, வேன் வருவதற்குள் அடங்கிப்போனபோது, சிங்காரவேலு மீன் பெட்டியை இறக்கி வைத்தான். நாற்பத்தைந்து வயதில் ஊசி போடப் படித்தான். ஒன்றரை வருடம். கூடப் படித்த பிள்ளைகள் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். கடைசிப் பரீட்சையில் அந்தப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி வந்தான்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் மூன்று மாதம் தனியாக அனுப்புவதில்லை. இரண்டு வண்டியும் சேர்ந்தே போகும். பிலோமினா அறுபத்தைந்துக்கு மேல் முறுக்க மாட்டார். அவர் பின்னால் உருட்டிக்கொண்டு போவது சிங்காரவேலுவுக்கு அடுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அவன் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு நாள் காலையில் அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நோயாளியைத் தேடிப் போகும்போது இந்த இரண்டு வண்டிகளையும் சாலையிலுள்ள வேகப் பலகைகள் இனிமேல் கட்டுப்படுத்தாது. கேமராவில் விழுந்தாலும் அபராதம் கிடையாது. சிங்காரவேலு அதை மூன்று முறை படித்தான். இருபது வருடமாக அவனை மடக்கி நிறுத்திய காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்.”

பிலோமினா மருந்துப்பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “கேளுங்கண்ணே.”

“போர்டு இல்ல. போலீஸ் இல்ல. ஃபைன் இல்ல. கையில வண்டி இருக்கு. மனுஷன் எவ்வளவு வேகத்துல போவான்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“வண்டி போற வரைக்கும் போவான், நூத்திப்பத்து. போகலேன்னா அவன் பயந்தாங்கொள்ளி.”

பிலோமினா ஒரு மருந்துக் குப்பியை எடுத்து, தேதி பார்த்து, திரும்ப உள்ளே வைத்தார்.

எதிராளி பேசாமல் இருந்தால் சிங்காரவேலுவுக்கு ஆகாது. சந்தையில் அதற்கு அர்த்தம், விலை படியவில்லை என்பதுதான். அவனாகவே இறங்கி வந்தான். நூற்றுப்பத்து வேண்டாம், நூறு என்றான். சரி, மாடு கீடு குறுக்கே வரும், தொண்ணூற்றைந்து என்றான். அவர் நிமிரவேயில்லை.

“தொண்ணூறு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது சிஸ்டர்.”

“நான் விலை கேக்கலண்ணே.”

அவன் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

பதினான்கு கிலோமீட்டர். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் பாத்தியிலேயே சாய்ந்துவிட்டாள். சர்க்கரை வியாதிக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவள். வியர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டால் பேச்சில்லை, பல் கிட்டிவிட்டது. வேன் வர நாற்பது நிமிடம் ஆகும்.

இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்திருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. வாய் திறக்காதவளுக்குக் கை நரம்பில் ஊசியை ஏற்றித்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் எழுந்து உட்காருவாள். தாமதமானால் முதலில் மூளை போகும், பிறகு ஆள் போவாள்.

பிலோமினா ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் சிங்காரவேலுவின் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

சாலை நேர்கோடு. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பளம். எண்பது, தொண்ணூறு. கண்ணாடியில் பிலோமினா ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் அழிந்துபோனது. ஊருக்குள் நாற்பது என்று எழுதிய பலகை எதிரே வந்தது. இத்தனை வருடமும் அந்த எண்ணைக் கண்டால் அவன் கண் தானாகப் புளியமரத்து நிழலில் போலீஸைத் தேடும். இன்றைக்குத் தேடவில்லை. நூறில் அதைக் கடந்தான்.

கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. உப்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் கதை முடிந்தது. லாரியின் வாலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலம் இருந்தது. அதில் நுழைந்து வெளியே வந்தான். லாரிக்காரன் அவன் வம்சத்தையே திட்டியது காதில் விழுந்து காற்றோடு போனது. வேகம் காட்டும் முள் நூற்றெட்டைத் தொட்டது. அண்ணன் கடற்கரையில் கிடந்த கிடை கண்ணுக்குள் வந்து வந்து போனது. இந்த முறை விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஒன்பதாவது நிமிடம் உப்பளத்துக் கரையில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

செந்தாமரை என்று பேர் சொன்னார்கள். ஐம்பது வயதிருக்கும். தார்ப்பாய் நிழலில் கிடத்தியிருந்தார்கள். சேலை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அவளுடைய தங்கை அஞ்சம்மாள் டீயில் சர்க்கரையைக் கரைத்துப் பல்லிடுக்கில் ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரவேலு டம்ளரைத் தட்டிவிட்டான். மூச்சுக்குழாயில் போனால் அதுவே கொன்றுவிடும் என்று கத்தினான். செய்தது சரி. அதற்குமேல்தான் எல்லாம் கோணலானது.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தான். சோதனை அட்டை நழுவி உப்பில் விழுந்தது. இன்னொன்று எடுத்தான். எழுபதுக்குக் கீழே போகக்கூடாத சர்க்கரையை மிஷின் முப்பத்தொன்று என்று காட்டியது.

இடது கையில் பட்டையைக் கட்டினான். நரம்பு தெரிந்தது. பச்சையாக, தடியாக, படித்த புத்தகத்தில் போட்டிருந்த மாதிரியே தெரிந்தது. ஊசியை இறக்கினான். நரம்புக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் நீலமாக வீங்கியது.

வலது கை. அதுவும் போனது.

உள்ளங்கை இரண்டும் இன்னும் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பது போலக் கிர்ரென்றன. காதுக்குள் காற்று நிற்கவில்லை. வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று கூட்டத்தைத் திட்டினான். ஊசி மொக்கை என்று அதை வீசினான். மூன்றாவது ஊசியின் உறையைப் பிரிக்கவே முடியவில்லை, பல்லால் கிழித்தான். மணிக்கட்டில் குத்தினான். அதுவும் வீங்கியது.

“எத்தனை தடவதான் குத்துவீங்க?” என்றாள் அஞ்சம்மாள். “தெரியுமா, தெரியாதா?”

அவன் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான். அந்த நேரம் செந்தாமரைக்கு வலிப்பு வந்தது. கால் இரண்டும் உப்பில் உதைத்துக்கொண்டன. யாரோ ஒருத்தி மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

பிலோமினாவின் வண்டி வந்து நின்றது. ஸ்டாண்ட் போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கையுறைகளைக் கழற்றி ஹெல்மெட்டுக்குள் வைத்தார். பாட்டில் தண்ணீரில் கை கழுவினார்.

“சிஸ்டர், சீக்கிரம்.”

அவர் நடந்துதான் வந்தார். செந்தாமரையைப் பக்கவாட்டில் திருப்பி, வலிப்பு அடங்கும் வரை தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளையும் பார்த்தார். இனி அங்கே ஒன்றும் மிச்சமில்லை. காலுக்கு நகர்ந்தார்.

உப்புத்தண்ணீரில் முப்பது வருடம் நின்ற கால் அது. வெடித்து, தடித்து, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. நரம்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவேயில்லை. பிலோமினா உள்பக்கக் கணுக்காலின் முன்னால் இரண்டு விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“காலைப் பிடிங்கண்ணே.”

சிங்காரவேலு இரண்டு கையாலும் பிடித்தான். ஒரு நொடிதான். பிலோமினா கண்ணைத் திறந்து அந்தக் காலைப் பார்த்தார். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வலிப்பு நின்றிருந்தது. ஆட்டியது அவன் கை.

“கையை எடுத்துருங்கண்ணே. அக்கா, நீங்க வந்து பிடிங்க.”

அஞ்சம்மாள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து பிடித்தாள். அவன் உப்பில் குந்தி உட்கார்ந்தான். சந்தை நடுவில் அவனை ஒருவன் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஊசி போனது. அதன் வாலில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. பிலோமினா பெரிய சிரிஞ்சை மாட்டி, அவசரமில்லாமல் அழுத்தினார். ஒன்று முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது பாதியில் செந்தாமரையின் இமை அசைந்தது.

நாலாவது முடிந்தபோது அவள் கண்ணைத் திறந்து, சுற்றி நிற்கிறவர்களை ஒரு வட்டம் பார்த்தாள்.

“ஏண்டி, வேலையைப் போட்டுட்டு எல்லாரும் இங்க என்ன வேடிக்கை பாக்குறீங்க?”

அஞ்சம்மாள் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாப்பிடாமல் வந்தாயே முண்டம் என்று அழுகைக்கு நடுவிலேயே திட்டவும் செய்தாள்.

வேன் வந்து செந்தாமரையை ஏற்றிக்கொண்டு போனது. வேனில் ஏறும்போது அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டாள். சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டான்.

கரையில் இரண்டு வண்டிகளும் அவர்கள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். பிலோமினா கீழே கிடந்த ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று சிங்காரவேலுவுக்கு இருந்தது. திட்டினால் திருப்பிப் பேசலாம். அவர் திட்டவில்லை. அதனால் அவனே ஆரம்பித்தான்.

“நான் நாலு நிமிஷம் முன்னால வந்தேன் சிஸ்டர். அத யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது.”

“யாரும் சொல்லலையே.”

“அந்த நாலு நிமிஷத்துல அந்த அம்மா போயிருந்தா? நீங்க ரோட்டுல உருட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தீங்க.”

“போயிருந்தா, உங்க கண்ணு முன்னால போயிருப்பாங்க.”

ஹெல்மெட்டை எடுத்து வண்டி மேல் ஓங்கி வைத்தான்.

“வேகமா வந்தா கை இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மாசமா என்கூட வர்றீங்க. மெதுவாப் போங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா அது இன்னொரு போர்டு. அதையும் நீங்க தாண்டித்தான் போயிருப்பீங்க.”

சிங்காரவேலு உப்பளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். வெயில் வெள்ளையாகத் திரும்பி முகத்தில் அடித்தது. கோபம் இறங்கி இறங்கி, இறங்க இடமில்லாமல் நின்றது. பேரம் பேசுகிற குரல் போய்விட்டிருந்தது. என்றாலும் பழக்கம் விடவில்லை.

“சரி. போர்டும் இல்ல, போலீஸும் இல்ல. நான் எவ்வளவு வேகத்துல வரணும்? ஒரு நம்பர் சொல்லுங்க சிஸ்டர். எழுபதா? அறுபத்தஞ்சா? நீங்க என்ன சொன்னாலும் குறைக்காம, ஏத்தாம கேட்டுக்கறேன்.”

சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டான். சாவி துவாரத்துக்குப் பக்கத்தில் உரசியது. மறுபடி போட்டான். மறுபடியும் உரசியது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவை போட்டான். சாவி டிக்டிக்கென்று இரும்பில் தட்டிக்கொண்டேயிருந்தது.

பிலோமினா வந்து அவன் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“உங்க கை இன்னும் வந்து சேரலண்ணே. வரட்டும். அப்புறம் கெளம்புவோம்.”