பாத்திர மெஷினுக்குச் சூடு சொன்ன மாப்பிள்ளை

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொன்னவர் அர்த்தநாரி. அவர் பொய் சொல்ல மாட்டார். அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் இல்லை என்பதைத் திருச்செங்கோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியானால் நம்பாதது என் குற்றமா, நம்பினால் அது என் குற்றமா என்று ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இவ்வளவு யோசித்திருக்க வேண்டியதில்லை. யோசித்துவிட்டேன். இனி கேட்டதைக் கேட்டபடி எழுதிவிடுகிறேன்.

அர்த்தநாரி, வையாபுரி, செங்கோடன் மூவரும் அண்ணன் தம்பிகள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்ததில் மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாண வயது எந்த ஊரில் கழிந்தது என்றே தெரியவில்லை. செங்கோடனுக்கும் முப்பத்தெட்டு ஆகிவிட்டது. பார்த்த பெண் வீட்டாரெல்லாம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் சங்ககிரியில் பூங்கோதை என்றொரு பெண் அமைந்தாள். பெரிய குடும்பத்தில் பாத்திரம் தேய்த்தே வளர்ந்தவள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கிற வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்படுவாள். செங்கோடன் மறுநாளே ஈரோட்டுக்குப் போய் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகவும், மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வெற்றிலை பாக்கு மாற்றுவதாகவும் பேச்சு முடிந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் நின்றுபோனது. சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

சேலத்திலிருந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். திங்கட்கிழமைதான் வர முடியும், அதுவரை நான் சொல்கிறபடி செய்து பாருங்கள் என்றார் அவர். சொல்கிறபடி செய்வதில் இந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

"முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு அரை மணி நேரம் அது பக்கமே போகாதீங்க" என்றார்.

மூவரும் பிளக்கைப் பிடுங்கினார்கள். வீட்டைப் பூட்டினார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய் நின்றுகொண்டார்கள்.

"அரை மணி ஆயிருக்குமாங்ணா?" என்றான் செங்கோடன்.

"கடிகாரத்தைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அர்த்தநாரி.

"அது மெஷினுக்கு நேர் மேலயில்ல மாட்டியிருக்குது."

"போன் எங்க?"

"மெஷின் மேலயே வச்சுட்டேன்."

வையாபுரி தொண்டையைக் கனைத்தார். மூவரில் சட்டம் தெரிந்தவர் அவர். "ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா அது பக்கம் போனதாகுமா, ஆகாதா?"

"கால் போகாது. கண்ணு போகுமே."

"கண்ணு போனா ஆளு போனமாதிரிதான்."

இதை அவர்கள் பொழுது சாயும்வரை பேசினார்கள். தெருவில் போகிற ஒருவரிடம் மணி கேட்டிருக்கலாமே என்று நான் அர்த்தநாரியிடம் சொன்னேன். "அவரு வாட்சுல அவரு மணிதானுங்க இருக்கும். நமக்கு நம்ம வீட்டு மணியில்லீங்களா வேணும்" என்றார்.

இருட்டின பிறகு உள்ளே போய்ப் பிளக்கைச் சொருகினார்கள். சிவப்பு விளக்கு பழையபடியே எரிந்து அணைந்தது.

சனிக்கிழமை மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் சூடாகிவிட்டதா இல்லையா என்று மெஷினுக்குச் சொல்வதற்கு அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. கோளாறு அதில்தான் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பக்கத்து அடித்தகட்டைக் கழற்றினால் அதற்குப் போகிற இரண்டு ஒயர் தெரியும்.

"ஒயரை உருவிட்டு, சென்சார் மேல மீட்டரை வைங்க. மெஷினுக்குள்ள பச்சத்தண்ணி ஊத்திப் பாருங்க, அப்புறம் சுடுதண்ணி ஊத்திப் பாருங்க. நம்பர் மாறுச்சுன்னா சென்சார் நல்லாயிருக்குது. மாறலைன்னா செத்துப்போச்சு."

ரிக் வண்டியின் ஒயர்களைச் சோதிக்க வாங்கிய மீட்டர் வீட்டில் இருந்தது. பச்சத்தண்ணி ஊற்றினார்கள். சுடுதண்ணி ஊற்றினார்கள். நம்பர் இம்மியும் அசையவில்லை.

வையாபுரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அண்ணா, வீட்டுல சாவு விழுந்துருச்சு. நாளைக்கு நல்ல காரியம் வச்சிருக்கோம். தீட்டாகாதுங்களா?"

அர்த்தநாரி விரலை மடக்கிப் பங்காளிகளை எண்ணினார். "நம்ம பங்காளி செத்தாத்தானே நமக்குத் தீட்டு? இது ஈரோட்டுக் கடைக்காரன் வகையறா. அவன் தலை முழுகட்டும்."

"நம்ம வீட்டுலதானே இருந்துது?"

"விருந்தாளியா இருந்துதுடா."

செங்கோடனுக்கு மட்டும் இதில் மனம் போகவில்லை. அவன் போனை எடுத்து, "நாளைக்கு மெஷின் ஓடலைன்னா எனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்லீங்க" என்றான். மெக்கானிக்கும் பெண் பார்த்து அலைந்தவர்தான் போலிருக்கிறது. இரக்கப்பட்டுச் சொன்னார்: "வேற சென்சார் எங்கயாச்சும் கிடைச்சா மாட்டிக்கங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்ல. சூடு பட்டா நம்பர் மாறோணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு அந்த வீட்டில் மீட்டர் வைக்கப்படாத பொருள் இல்லை. உருளைக்கிழங்கைச் சுடுதண்ணியில் போட்டு மீட்டர் வைத்தார்கள். அது வெந்ததே தவிர நம்பர் அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. செருப்பு, இட்லிக் குண்டான், காலண்டர் அட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அர்த்தநாரியின் பார்வை தம்பி மேல் விழுந்தது.

"டேய், இங்க வா."

செங்கோடனின் இரண்டு கட்டை விரலிலும் மீட்டரின் இரண்டு முனையை வைத்தார்கள். காலைப் பச்சத்தண்ணி வாளியில் விடச் சொன்னார்கள். பிறகு சுடுதண்ணி வாளிக்கு மாற்றினார்கள். செங்கோடன் "ஸ்ஸ்" என்றான். உடம்பெல்லாம் வேர்த்தது. நம்பர் மளமளவென்று இறங்கியது.

"நீ நல்லாயிருக்கறடா" என்றார் அர்த்தநாரி. தம்பியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

"நாளைக்கு நான் மாப்பிள்ளைங்ணா. சென்சாரா எப்படி இருக்கறது?"

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்திருக்கறதுதானே. கூடத்துல உட்கார்றதை அடுப்பங்கரையில உட்காரு. நம்ம ரிக்குல மட்டும் என்ன வாழுது? வர்ற கல்லுத்தூளைக் கையில தேய்ச்சுப் பார்த்து, ஈரம் வந்துருச்சுன்னு வண்டிக்குச் சொல்றது யாரு? நீதானே. எந்த மெஷினா இருந்தாலும் பக்கத்துல சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்."

செங்கோடன் வாளியைக் கழுவி வைத்தான். தொழிலில் மூத்தவர் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை உருவிய ஒயர் இரண்டையும் அவன் கட்டை விரல்களில் சுற்றிப் பிளக்கைச் சொருகினார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. மெஷின் உறுமிக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தது. நான் மிகவும் சந்தேகப்பட்ட இடங்களில் இது ஒன்று. ஆனால் அவர்கள் மூவருக்கும் இதில் ஆச்சரியமே இல்லை. சொன்னபடி செய்தார்கள், ஓடியது. ஏற்பாடு என்னவென்றால், செங்கோடன் பச்சத்தண்ணி வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பான்; தட்டுகளுக்கு நன்றாகச் சூடேறின பிறகு வையாபுரி அவன் காலைச் சுடுதண்ணி வாளிக்கு மாற்றுவார்; மெஷினுக்குச் சேதி போய்விடும்.

பெண்ணின் அப்பா சின்னுசாமியும் அத்தையும் பூங்கோதையும் வந்து இறங்கினார்கள்.

"மாப்பிள்ளை எங்கீங்க?" என்றார் சின்னுசாமி.

"மெஷினோட இருக்காருங்க" என்றார் அர்த்தநாரி.

"அது மேல அவ்வளவு அக்கறைங்களா?"

"அவரு இல்லீன்னா அது ஓடாதுங்க."

சின்னுசாமிக்குத் திருப்தி. எல்லோரும் அடுப்பங்கரைக்குப் போனார்கள். அங்கே பட்டுக்கரை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வாளியில் காலை விட்டு, மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தான். கட்டை விரல் இரண்டும் ஒன்றோடொன்று படக்கூடாது என்று அண்ணன் உத்தரவு. அதனால் கும்பிட முடியாமல், பெரிய பூசணிக்காயைத் தூக்கி வைத்திருப்பவனைப் போலக் கைகளை விரித்து, "வாங்க" என்றான்.

"ஏனுங்க, மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று அத்தை மெல்லக் கேட்டாள்.

"நேத்தே மீட்டர் வச்சுப் பார்த்தாச்சுங்க. ஒரு குறையுமில்ல" என்றார் வையாபுரி.

அப்போது அத்தைக்குப் பின்னாலிருந்து பூங்கோதை முன்னால் வந்தாள். குனிந்து அவனைப் பார்த்து, "இது முடிய எத்தனை நேரமாகுமுங்க?" என்று கேட்டாள்.

எத்தனை அடியில் தண்ணி வரும் என்பதைத் தவிர வேறொரு கேள்வியை ஒரு பெண் செங்கோடனிடம் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் காது சிவந்தது. நெற்றியில் பூத்த வேர்வை, முழங்கை வழியாக இறங்கி, உள்ளங்கையில் திரண்டு, கட்டை விரல் வரைக்கும் வந்தது. வையாபுரி சுடுதண்ணி வாளியைத் தொடக்கூட இல்லை. தண்ணீர் கொதித்துவிட்டது என்று மெஷின் முடிவு செய்தது. அலசியது. தண்ணீரை வெளியே விட்டது. காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்ததாகப் பாட்டுப் பாடியது.

பூங்கோதை கதவைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைக் குழம்பு தட்டில் அப்படியே இருந்தது.

செங்கோடன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அர்த்தநாரிதான் வாயைத் திறந்தார். "மெஷின் மேல தப்பில்லீங்கம்மா. உங்களைப் பார்த்ததும் தம்பிக்குச் சூடேறிருச்சு. தண்ணிதான் காய்ஞ்சுதுன்னு அது நினைச்சுக்கிச்சு."

பூங்கோதை தட்டைப் பார்த்தாள். செங்கோடனைப் பார்த்தாள். கட்டை விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்தது.

"அப்பா, வெத்தலை பாக்கை எடுங்க" என்றாள்.

"பாத்திரம் கழுவலையே கண்ணு" என்றாள் அத்தை.

"அது எப்ப வேணாலும் கழுவிக்கலாம் அத்தை. இதுக்கு முன்னால வந்தவங்கல்லாம் என்னைப் பார்த்துட்டு, பஜ்ஜி நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டுப் போனவங்கதானே."

திங்கட்கிழமை மெக்கானிக் புதுச் சென்சாரோடு வந்தார். அர்த்தநாரி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சுங்க. கூடப்பிறந்தவனை எடுத்துட்டு வெளியாளை வைக்க முடியுங்களா?" மெக்கானிக் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து ஒரு சொம்பு மோர் குடித்தார். சேலத்துக்கு பஸ் ஏறினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். மெஷின் ஓடும்போது பூங்கோதை அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது. வந்தால் பாத்திரம் அழுக்காகவே முடிந்துவிடும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் அவள் கூடத்தில் ஃபேன் போட்டு டிவி பார்க்க, செங்கோடன் வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பான். மூன்று பேரும் அவளைத் தட்டைத் தொடவிடவில்லை. அவள் கேட்டதும் இதைத்தானே.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அர்த்தநாரியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருடச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒயர், மீட்டர், வாளி எல்லாவற்றையும் பற்றிக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ஏனுங்க அர்த்தநாரி, இப்பவெல்லாம் அந்தம்மா பக்கத்துல வந்து நின்னாலும், பாத்திரம் சுத்தமாயிருதுங்களா?"