வேர்க்காத மேனியர்

கோயில் கிணற்றில் நீர் இறைத்துச் சுமப்பதே மாசிலாமணி அடியாரின் திருத்தொண்டு. விடியுமுன்னே ஐந்தெழுத்தை முணுமுணுத்தபடி கயிற்றைப் பிடிப்பார். அக்கினி நட்சத்திரத்தில் புன்னைவாயில் ஈசனின் திருமுடிக்கு மேல் தாராபாத்திரம் தொங்கும். அதன் அடியில் சிறு துளை, துளையில் தர்ப்பை. புல்லைப் பற்றி இறங்குவதால் நீர் கொட்டாமல், அறாமல் சொட்டும். பாத்திரம் வற்றாமல் காப்பது அடியார் பொறுப்பு.

முன்பு நகரத்துச் சந்தையில் மூட்டை தூக்கியவர். யாரோ வைத்த குண்டு வெடித்துக் கடைகள் எரிந்தபோது மார்பும் முதுகும் வெந்துபோயின. மருத்துவர்கள் தொடைத்தோலை மெல்லச் சீவி ஒட்டினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் ஒட்டிய தோலுக்கு வேர்க்கத் தெரியாது. வேர்வை வெறும் அழுக்கு நீரன்று. காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வழி அடைபட்டவருக்குச் சூடு உள்ளேயே தங்கும். அதனால் நடைக்கு ஒரு கை நீரை மேலே தெளித்துக்கொள்வார்.

கோயிலை மேற்பார்க்கும் மணியம் ஏகாம்பரத்துக்கு இது பொறுக்கவில்லை. மின்விசிறியடியில் அமர்ந்து பிறர் உழைப்பை எடைபோடுவதே அந்தப் பெருமகனாரின் உழைப்பு.

“ஊருக்கே ஊத்துது, உனக்கு ஒரு சொட்டு வேர்க்கலியே! உள்ளுக்குள்ள ஏசி போட்டிருக்கியா? வேலை செஞ்சாத்தானய்யா வேர்க்கும்!”

சுண்டலுக்காகச் சிரிக்கும் கூட்டம் சிரித்தது.

“தோலு அப்படிங்க ஐயா…”

“தோலாம்! ஊர்க் கிணறெல்லாம் வத்திக் கிடக்கு, சாமி தண்ணிய இந்தக் கட்டைக்கு ஊத்துறியா? இனி ஒரு சொட்டு உன்மேல பட்டுச்சு, வெளிய போயிரணும்.”

வெளியே போனால் உயிர் தங்கும், தொண்டு போய்விடும். “அப்பனுக்குக் குளிர்ந்தாப் போதுங்க” என்று அடியார் குடத்தை எடுத்தார்.

உச்சிவெயிலில், பிரகாரத்துக் கல்தரையில், குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுச் சரிந்தார். மேனி அனலாய்க் கொதித்தது. உதடு மட்டும் “சிவசிவ” என்றது.

அதே வேளையில் கருவறையிலிருந்து குருக்கள் ஓடிவந்தார். “மணியம்! பாத்திரம் நிறைஞ்சு நிக்கறது, கீழே ஒரு சொட்டு விழல! தர்ப்பையை மாத்தியாச்சு, துளையைக் குத்தியாச்சு. ஸ்வாமி வாங்கிக்க மாட்டேங்கறார்!” கீழே கிடந்தவரைக் கண்டதும் அவர் குரல் மாறியது. “ஓய், அந்தக் குடத்தை எடும். முதல்ல இவருக்கு ஊத்தும்!”

ஏகாம்பரம் குடத்தைத் தூக்கிச் சாய்த்தார். வடுப்பட்ட மார்பில் நீர் விழுந்தது. கருவறையுள்ளே, லிங்கத்தின்மேல் சொட்டென்று ஓர் ஓசை. ஊற்ற ஊற்றச் சொட்டியது. அவர் கை நின்றால் அதுவும் நின்றது. அடியார் கண் திறக்கும்வரை கிணற்றுக்கும் பிரகாரத்துக்குமாக மணியம் குடம் சுமந்தார், வேர்க்க விறுவிறுக்க.

அடியார் குளிரும்வரை தான் குளிர மறுத்தான் ஈசன். அவன் காத்துநின்ற அந்த வெந்த மேனியை வணங்குவோம்.